மொய் எழுதாத முதலாளிகள்

புது டிவியைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சுவரில் மாட்டி சுவிட்சைப் போட்டால் அது உடனே படம் காட்டுவதில்லை. முதலில் நம்மிடம் கையெழுத்து வாங்குகிறது. 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அழுத்தினால்தான் அடுத்த திரை வரும். எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று படிக்க உட்கார்ந்தால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். நீங்கள் பார்ப்பதை நாங்களும் பார்ப்போம். பார்த்ததை நாலு பேரிடம் சொல்வோம். இன்று இருக்கும் வசதியை நாளை நிறுத்தினால் ஏனென்று கேட்கக் கூடாது. தகராறு வந்தால் நாங்கள் சொல்லும் ஊரில்தான் பஞ்சாயத்து. முடியாது என்று வீம்பு பிடித்தால் நாற்பதாயிரம் கொடுத்து வாங்கிய ஸ்மார்ட் டிவி, பாதி புத்தி மழுங்கித் தொங்கும்.

அதே டிவிக்குள் இன்னொரு ஒப்பந்தமும் இருக்கிறது. அதில் கட்டுப்பட்டவர் டிவி செய்த முதலாளி. ஆகவே அது தானாக வந்து நிற்காது. நாம்தான் தேடிப் போக வேண்டும். செட்டிங்ஸ், அதற்குள் 'சாதனம் பற்றி', அதற்குள் 'சட்டத் தகவல்', அதற்குள் 'ஓப்பன் சோர்ஸ் உரிமங்கள்'. எறும்பு எழுத்தில் ஆயிரக்கணக்கான வரிகள். தேடும் வசதி கிடையாது. ரிமோட்டின் கீழ்ப் பட்டனை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் மரத்துப்போகும் நேரத்தில் ஓரிடத்தில் வரும்: இந்தக் கருவியில் உள்ள மென்பொருளின் மூலநிரல் (சோர்ஸ் கோடு) வேண்டுவோர் எங்களுக்கு எழுதலாம், மூன்று ஆண்டுகள் வரை தருவோம்.

தரமாட்டார்கள்.

முதல் ஒப்பந்தத்தை நாம் மீறினால் கணக்கை முடக்குவார்கள், வாரண்டியை ரத்து செய்வார்கள். இரண்டாவதை அவர்கள் தினமும் மீறுகிறார்கள். டிவி, வைஃபை ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், கண்காணிப்புக் கேமரா என்று லினக்ஸ் ஓடும் பெட்டிகளை லட்சக்கணக்கில் விற்று, ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு பொய்யையும் சேர்த்து விற்கிறார்கள். சில பேர் அந்தப் பொய்யைக்கூட எழுதுவதில்லை. அச்சுச் செலவு மிச்சம்.

இவர்களிடம் கேட்கப்படுவது என்ன? லினக்ஸின் மையமான கெர்னலை 1991-ல் தொடங்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ், அப்போது ஃபின்லாந்தில் கல்லூரி மாணவர். மறு ஆண்டே அதை ஜிபிஎல் உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். அந்த உரிமம் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதியது. 1991 ஜூனில் வந்த இரண்டாம் பதிப்புதான் இன்றும் கெர்னலை ஆள்கிறது. அது சொல்வது இவ்வளவுதான்: காசு தர வேண்டாம், யாரிடமும் கைகட்டி அனுமதி கேட்க வேண்டாம், எத்தனை கோடிப் பெட்டியில் வேண்டுமானாலும் போட்டு விற்றுக்கொள். ஆனால் யாருக்கு விற்கிறாயோ அவருக்கு, நீ செய்த மாற்றங்களோடு சேர்த்து மூலநிரலையும் கொடு. கையோடு தர முடியாவிட்டால் எழுதிக் கொடு. மூன்று ஆண்டுக்குள் யார் கேட்டாலும், அனுப்பும் செலவுக்கு மேல் ஒரு பைசா வாங்காமல் கொடு. மூலநிரல் என்று சொல்லி எதையாவது தள்ளிவிடுவார்கள் என்பதும் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. திருத்தி எழுதத் தோதான வடிவமாக இருக்க வேண்டும், கம்பைல் செய்யவும் நிறுவவும் பயன்படும் ஸ்கிரிப்டுகளும் சேர்ந்திருக்க வேண்டும் என்று அன்றே எழுதிவைத்தார்.

பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்து தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊரே கூடி மொய் செய்கிறது. வாங்கியவர் வட்டியில்லாத அந்தப் பணத்தில் கடை வைக்கிறார், கிணறு வெட்டுகிறார். அடுத்தவர் முறை வரும்போது திருப்பிச் செய்கிறார். நோட்டில் எழுதியிருக்கிறது, மறுக்க முடியாது. நம் முதலாளிகள் உலகத்து மொய்யையெல்லாம் வாரி மடியில் கட்டிக்கொண்டு, தங்கள் முறை வரும்போது "நோட்டா? எந்த நோட்டு?" என்கிறார்கள்.

சந்தேகம் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கஸ்டமர் கேர் எண்ணுக்குப் போன் செய்து, இசையை முழுதாகக் கேட்டு முடித்தபின் உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும்:

"சோர்ஸ் கோடு வேணும்மா."

"சோர்ஸா சார்? ரிமோட்ல மேல சோர்ஸ்னு ஒரு பட்டன் இருக்கும் சார். அதை அழுத்தி ஹெச்டிஎம்ஐ செலக்ட் பண்ணுங்க."

"அது இல்லம்மா. டிவிக்குள்ள ஓடுற சாஃப்ட்வேரோட கோடு. கேட்டா தருவோம்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"சாஃப்ட்வேர் அப்டேட்டா சார்? உங்க மாடலுக்கு அப்டேட் நிறுத்தியாச்சு சார். புது மாடல் பார்க்கறீங்களா?"

"அப்டேட்டை நிறுத்திட்டீங்க, அதனாலதான் கோடு கேக்கறேன்."

"டெக்னீஷியன் அனுப்பட்டுமா சார்? வாரண்டி முடிஞ்சிருந்தா விசிட் சார்ஜ் ஆகும்."

அந்தப் பெண்மீது கோபப்பட எதுவுமில்லை. அவர் கையில் கொடுத்த தாளில் இந்தக் கேள்வி இல்லை. தாள் எழுதியவர் மேலே இருக்கிறார். அவருக்கு மேலே இருப்பவருக்கு இந்தக் கேள்வி வரும் என்று நன்றாகவே தெரியும். வராத மாதிரி பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை.

மின்னஞ்சல் அனுப்பலாம். உரிமப் பக்கத்தில் கொடுத்த முகவரிக்கு அனுப்பினால் அப்படி ஒரு பெட்டியே இல்லை என்று திரும்பி வரும். உயிரோடிருக்கும் முகவரி கிடைத்தால் புகார் எண் வரும். விடாமல் தொங்கினால் பல மாதம் கழித்து ஒரு ஜிப் கோப்பு வரும். பிரித்தால் உள்ளே, இணையத்தில் எவரும் இறக்கிக்கொள்ளக்கூடிய கெர்னல், ஒரு வரி மாற்றமில்லாமல் அப்படியே. அதுவும் டிவியில் ஓடும் பதிப்பாக இருக்காது. டிரைவர்களைக் காணோம், ஸ்கிரிப்டுகளைக் காணோம். கம்பைல் என்று கொடுத்தால் பிழைச் செய்தி மட்டும் வஞ்சகமில்லாமல் வரும். முதல் முறை வரும் பொட்டலம் முழுமையாக இருப்பது அபூர்வம் என்று இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் சொல்கிறார்கள். விதியை மீறுவதைவிட, மீறாத மாதிரி நடிப்பதற்கு இவர்கள் அதிகம் உழைக்கிறார்கள்.

ஏன் இப்படி என்று கேட்டால் முதல் பதில் எப்போதும் ஒன்றுதான்: "எங்களுக்கே தெரியாது." பெட்டியில் பெயர் எங்களுடையது, செய்தது தைவான் நிறுவனம், அவர்களுக்கு சிப் கொடுத்தது இன்னொருவர், சிப்போடு மென்பொருளையும் அவர்தான் கொடுத்தார், அவரிடம் கேளுங்கள். சிப்காரரைக் கேட்டால், நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் இல்லை, ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரிடம்தான் பேசுவோம் என்பார். இதே நிறுவனத்துக்குப் பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு திருகும் எந்தத் தொழிற்சாலையில் கடைந்தது, என்ன விலை, அடுத்த காலாண்டில் எவ்வளவு குறைக்கலாம் என்று அத்துப்படி. அந்தப் பெட்டியின் மூளை எங்கிருந்து வந்தது என்பது மட்டும் தெரியாது.

இந்த நாடகத்தின் முதல் பெரிய அரங்கேற்றம் 2003-ல். லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீல-கறுப்பு ரவுட்டரை 2002 டிசம்பரில் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. சில மாதங்களில் சிஸ்கோ அந்த நிறுவனத்தை 50 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 50 கோடி டாலருக்குப் பொருள் வாங்கும்போது எத்தனை வழக்கறிஞர்கள், எத்தனை ஆடிட்டர்கள் உட்கார்ந்து எத்தனை காகிதம் புரட்டியிருப்பார்கள்! அவர்கள் யார் கண்ணிலும் படாத ஒன்று, வீட்டில் ரவுட்டரைக் குடைந்த ஆர்வலர்கள் கண்ணில் பட்டது: உள்ளே ஓடுவது லினக்ஸ், மூலநிரல் எங்கும் இல்லை. கேட்டபோது விரல்கள் ஒன்றையொன்று சுட்டின. லிங்க்சிஸுக்குச் செய்து கொடுத்தது தைவானின் சைபர்டான். அதற்கு சிப்பும் மென்பொருளும் கொடுத்தது பிராட்காம். சத்தம் பெரிதான பிறகு அந்தக் கோடையில் நிரல் வெளியே வந்தது.

வந்ததும் என்ன ஆயிற்று? நிறுவனம் திவாலானதா? அந்த நிரலை வைத்து ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திட்டம் 2004-ல் பிறந்தது. டிடி-டபிள்யூஆர்டி, டொமேட்டோ என்று தொடர்ந்து வந்தன. சாதாரண வீட்டு ரவுட்டர், அலுவலகங்களில் வைக்கும் விலை உயர்ந்த பெட்டியின் வேலைகளைச் செய்ய ஆரம்பித்தது. ஜனங்கள் தேடித் தேடி வாங்கினார்கள். நம் முதலாளிகளுக்கு இதைவிடப் பெரிய அவமானம் என்ன வேண்டும்? 2005-ல் அந்த ரவுட்டரின் ஐந்தாம் பதிப்பு வந்தது. லினக்ஸை எடுத்துவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற மூடிய மென்பொருளைப் போட்டு, ஃபிளாஷ் நினைவகத்தை நான்கு மெகாபைட்டிலிருந்து இரண்டாக்கி, ரேமைப் பதினாறிலிருந்து எட்டாக்கினார்கள். பழைய பெட்டியைக் கேட்டு ஜனங்கள் விடவில்லை என்பதால், கடைசியில் அதையே பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து, டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனியாக விற்றார்கள். எல் என்றால் லினக்ஸ். அந்த மாடல் 2016-லும் விற்றுக்கொண்டிருந்தது. ரவுட்டர் உலகத்தில் பதினோரு ஆண்டு என்பது மார்க்கண்டேய ஆயுள். நிரலைக் கொடுத்ததால் லிங்க்சிஸுக்கு நேர்ந்த கதி இதுதான்: ஒரே பெட்டியை ஒரு தலைமுறைக்கு விற்றுக் காசு பார்க்க வேண்டியதாயிற்று.

இதிலிருந்து பாடம் படித்தார்களா என்றால், இல்லை. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2003-லிருந்து ஐந்து ஆண்டு சிஸ்கோவோடு பொறுமையாகப் பேசிப் பார்த்தது. ஒவ்வொரு புது லிங்க்சிஸ் பெட்டியிலும் பழைய தவறு திரும்ப வந்தது. 2008 டிசம்பரில் வழக்குப் போட்டார்கள். 2009 மே மாதம் சமரசம். உரிமத்தை மதிப்பதற்கென்றே ஓர் அதிகாரியை நியமிப்பதாக சிஸ்கோ ஒப்புக்கொண்டது. வாங்கிய மொய்யைத் திருப்பி எழுத அமெரிக்காவில் ஒரு பதவி தேவைப்பட்டிருக்கிறது.

அமெரிக்க நீதிமன்றத்தில் ஜிபிஎல் மீறல் முதன்முதலாக வழக்கானது 2007-ல். காரணம் பிஸிபாக்ஸ் என்ற சின்ன மென்பொருள். லினக்ஸின் நூற்றுக்கணக்கான கட்டளைகளை ஒரே கோப்பில் சுருக்கித் தரும் அது, நினைவகம் குறைந்த பெட்டிகளுக்கு வரப்பிரசாதம். அதனால் எல்லாப் பெட்டியிலும் இருக்கும். அதை உருவாக்கிப் பராமரித்தவர்கள் கேட்டுக் கேட்டு அலுத்து, தங்கள் தளத்தில் மீறியவர்கள் பெயரைப் பட்டியலிட்டு 'வெட்கக்கேடு மண்டபம்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். யாரும் வெட்கப்படவில்லை. வழக்கு வந்தது. மான்சூன் மல்டிமீடியா, பிறகு வெரைசன் என்று வரிசையாக வந்து சமரசம் செய்துகொண்டார்கள். 2009 டிசம்பரில் பதினான்கு நிறுவனங்கள்மீது ஒரே மூச்சில் வழக்கு. சாம்சங்கும் பெஸ்ட் பையும் அதில் உண்டு. வெஸ்டிங்ஹவுஸ் டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கைத் தொடர்ந்து நடத்த வரவில்லை. 2010-ல் நீதிபதி ஷைரா ஷைண்ட்லின் 90,000 டாலர் இழப்பீடு விதித்து, கையிருப்பில் இருந்த மீறல் டிவிகளையும் வழக்குத் தொடுத்தவர்களிடம் ஒப்படைக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகாவது புத்தி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். வந்தது, வேறு மாதிரி. நிபந்தனையைக் காப்பாற்றுவதைவிட நிபந்தனை இல்லாத மென்பொருளுக்கு மாறிக்கொள்வது சுலபம் என்று தொழில் உலகம் கண்டுபிடித்தது. பிஸிபாக்ஸ் வேலையைச் செய்யும் டாய்பாக்ஸ், நிரலைக் கொடு என்ற நிபந்தனை இல்லாத உரிமத்தோடு இருந்தது. 2012-ல் சோனியின் பொறியாளர் ஒருவர் இப்படிப்பட்ட மாற்று வேண்டும் என்று வெளிப்படையாகவே ஆள் திரட்டினார். டாய்பாக்ஸை எழுதியவர் பழைய பிஸிபாக்ஸ் வழக்குகளில் வாதியாக இருந்து சலித்துப்போனவர். அவர் சலிப்புக்கு நியாயம் உண்டு. ஆனால் கோடிக்கணக்கில் பெட்டி விற்பவர்கள், ஒரு ஜிப் கோப்பை ஒழுங்காக அனுப்புவதற்குப் பதில் ஒரு மென்பொருளையே திரும்ப எழுதுவதை ஆதரித்தார்கள் என்பதை நினைத்தால், இவர்களிடம் திறமைக்குப் பஞ்சமில்லை, நாணயத்துக்குத்தான் என்று தெரிகிறது.

இவர்கள் எதற்குப் பயப்படுவார்கள் என்பதும் பிறகு தெரிந்தது. கெர்னலின் நெட்ஃபில்டர் பகுதியில் வேலை செய்த ஒருவர் ஜெர்மனியில் நிறுவனங்களுக்கு வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பிப் பணம் வசூலிக்க ஆரம்பித்தார். அவருக்கு நிரல் முக்கியமில்லை, தொகைதான் முக்கியம் என்று சக டெவலப்பர்களே 2016-ல் அவரைக் குழுவிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். தொழில் உலகம் அலறியது. மாநாடுகளில் பேசினார்கள். கெர்னல் டெவலப்பர்களும் இரக்கப்பட்டு, முதல் முறை மீறியவர் உடனே திருத்திக்கொண்டால் உரிமை திரும்பக் கிடைக்கும் என்று 2017-ல் கூட்டாக அறிவித்தார்கள். ஆயிரம் பேர் பணிவாக நிரல் கேட்டபோது காதில் விழாதவர்களுக்கு, ஒருவர் காசு கேட்டதும் அறச்சீற்றம் வந்துவிட்டது.

ஜெர்மனி என்றதும் ஹாரால்ட் வெல்ட்டே ஞாபகம் வருகிறார். இவரும் நெட்ஃபில்டர்காரர்தான், ஆனால் நிரல் கேட்டவர். 2004-ல் மியூனிக் நீதிமன்றத்தில் சைட்காம் நிறுவனத்துக்கு எதிராகத் தடை வாங்கினார். டி-லிங்க் 2006-ல் ஃபிராங்க்ஃபர்ட் நீதிமன்றத்தில் சொன்ன வாதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டி வைக்கலாம்: ஜிபிஎல் என்பது சட்டப்படி செல்லாது! செல்லாது என்றே வைத்துக்கொள்வோம். அந்த உரிமம் இல்லாவிட்டால் அடுத்தவர் எழுதிய மென்பொருளை உங்கள் பெட்டியில் போட்டு விற்க எது உங்களுக்கு அனுமதி கொடுத்தது? நீதிமன்றம் வெல்ட்டே பக்கம் நின்றது.

இன்னும் ஒரு படி மேலே போனது ஏவிஎம். அவர்களுடைய ஃபிரிட்ஸ்பாக்ஸ் ரவுட்டரில் ஓடுவது லினக்ஸ். குழந்தைகளுக்கான இணைய வடிகட்டி விற்ற சைபிட்ஸ் என்ற நிறுவனம் அந்தப் பெட்டிக்குள் இருந்த மென்பொருளை மாற்றியமைத்தது. எங்கள் பெட்டியின் மென்பொருளை எவனும் தொடக் கூடாது என்று ஏவிஎம் வழக்குப் போட்டது. ஊரார் நிரலை இலவசமாக எடுத்துப் பெட்டி செய்தவர், அந்த ஊராரே அதைத் தொட்டால் திருட்டு என்கிறார். ஜிபிஎல் பகுதிகளை மாற்றுவதைத் தடுக்க முடியாது என்று பெர்லின் நீதிமன்றம் 2011 நவம்பரில் சொன்னது. இதைச் சொல்ல ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டதே!

தெரியாது என்ற சாக்கு எடுபடாதபோது பாதுகாப்பு வரும். நிரலைக் கொடுத்தால் ஹேக்கர்கள் புகுந்துவிடுவார்களாம். எவ்வளவு அக்கறை! ஆல்வின்னர் நிறுவனம் மலிவு விலைப் பலகைகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் சிப் செய்து கொடுப்பது. அது கொடுத்த ஒரு கெர்னலில், 'ரூட்மைடிவைஸ்' என்ற சொல்லை ஒரு கோப்பில் எழுதினால் போதும், எந்தச் செயலிக்கும் முழு அதிகாரமும் கிடைத்துவிடும் என்பது 2016-ல் தெரியவந்தது. சோதனைக்காகத் திறந்த கதவு, மூட மறந்துவிட்டார்கள். கண்டுபிடிக்க முடிந்ததே நிரல் கண்ணுக்குத் தெரிந்ததால்தான். மூடி வைத்திருக்கும் பெட்டிகளில் இப்படி எத்தனை கதவு திறந்து கிடக்கிறது என்பது செய்தவர்களுக்கே வெளிச்சம்; ஒருவேளை அவர்களுக்கும் இல்லை.

அதே 2016-ல் மிராய் என்ற வைரஸ் வந்தது. தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டையே மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடிப் பிடித்து, அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்துத் திறந்து, லட்சக்கணக்கான பெட்டிகளைத் தன் படையாக்கிக்கொண்டது. அந்த அக்டோபரில், இணையதளங்களுக்கு வழி காட்டும் டின் என்ற நிறுவனத்தின் சர்வர்களை அந்தப் படை முற்றுகையிட்டபோது ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் அமெரிக்காவில் பலருக்கு மணிக்கணக்கில் முடங்கின. மிராய் ஒரு பெட்டிக்குள் நுழைந்ததும் அது நிஜமான லினக்ஸ் பெட்டிதானா என்று உறுதிசெய்ய முதலில் எதைக் கூப்பிட்டது தெரியுமா? பிஸிபாக்ஸை. தங்கள் பெட்டிக்குள் பிஸிபாக்ஸ் இருப்பதே தெரியாது என்று கைவிரித்த முதலாளிகள் இந்தத் திருடனிடம் ட்யூஷன் போகலாம். இன்னொன்றையும் கற்றுக்கொள்ளலாம்: மிராய் எழுதியவன் அந்தச் செப்டம்பர் கடைசியிலேயே தன் நிரலைப் பொதுவில் போட்டுவிட்டான். அவன் நோக்கம் போலீஸைக் குழப்புவதாக இருக்கலாம். எப்படியோ, அந்த ஆண்டு பெட்டிகளுக்குள் ஓடிய மென்பொருள்களில் கேட்காமலே மூலநிரல் கிடைத்தது வைரஸுக்குத்தான்.

பாதுகாப்பு ஓட்டை விழுந்த பெட்டிக்கு அப்டேட் யார் தருவது? நிறுவனம் இரண்டு வருடத்தில் கை கழுவிவிட்டது. நிரல் இருந்தால் எங்கோ ஒரு கல்லூரி மாணவியோ ஓய்வுபெற்ற பொறியாளரோ ஒட்டுப் போட்டு எல்லோருக்கும் கொடுத்திருப்பார்கள். அது இல்லாததால் நல்ல நிலையில் இருக்கும் பெட்டி காயலான் கடைக்குப் போகிறது, நாம் புதிது வாங்கப் போகிறோம். நிரலைத் தர மறுப்பதை மறதி என்றோ சோம்பல் என்றோ சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இந்த விற்பனைக் கணக்கைப் பார்ப்பது நல்லது. டிராக்டரிலும் இதே கதைதான். ஜான் டியர் தன் இயந்திரங்களில் இருக்கும் ஜிபிஎல் மென்பொருளின் நிரலைத் தராமல் விவசாயிகளின் பழுதுபார்க்கும் உரிமையைப் பறிக்கிறது என்று சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வென்சி என்ற அமைப்பு 2023-ல் பகிரங்கமாகச் சொன்னது. அறுவடை நேரத்தில் வயலில் நிற்கும் வண்டிக்கு டீலர் வந்து லேப்டாப்பைச் செருகும்வரை விவசாயி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தக் கன்சர்வென்சிதான் வீஸியோமீது வழக்குப் போட்டிருப்பது. வீஸியோ யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மலிவு விலையில் டிவி விற்றுப் பெரிதான நிறுவனம். 2014 முதல் தன் டிவிகளில் என்ன ஓடுகிறது என்பதை நொடிக்கு நொடி எடுத்து, பார்ப்பவர் ஆணா பெண்ணா, வயதென்ன, வருமானமென்ன, கல்யாணம் ஆனவரா என்ற விவரங்களோடு கோர்த்து விற்றது. ஒரு கோடியே பத்து லட்சம் டிவிகள். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2017-ல் பிடித்தபோது 22 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. டிவிக்கு 20 சென்ட். ஒரு குடும்பத்தின் நடு வீட்டில் உட்கார்ந்து எட்டிப் பார்த்ததற்கு அபராதம், ஒரு பபிள்கம் விலை.

நம் நொடிகளையெல்லாம் எண்ணி எடுத்துக்கொண்ட இந்த நிறுவனத்திடம், உங்கள் டிவியில் ஓடும் லினக்ஸின் நிரலைக் கொடுங்கள் என்று 2018-ல் கேட்டார்கள். வந்த பொட்டலங்கள் முழுமையாக இல்லை. இது குறைகிறது, அது குறைகிறது என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 2020-ல் பதில் வருவதே நின்றுபோனது. 2021 அக்டோபரில் கலிஃபோர்னியா நீதிமன்றத்துக்குப் போனார்கள். நிரலை எழுதியவர்கள் என்ற முறையில் போகவில்லை; கடையில் காசு கொடுத்து டிவி வாங்கிய வாடிக்கையாளர் என்ற முறையில் போனார்கள். நஷ்ட ஈடு ஒரு டாலர்கூடக் கேட்கவில்லை. எங்களுக்குச் சேர வேண்டிய நிரலைக் கொடு, அவ்வளவுதான்.

வீஸியோவின் பதில் வாதம்: வாங்கியவருக்கு இதைக் கேட்க உரிமையே இல்லை; எழுதியவர் வேண்டுமானால் பதிப்புரிமை வழக்குப் போடட்டும். வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு இழுத்துப் பார்த்தார்கள். 2022 மே மாதம் அங்கிருந்து திருப்பி அனுப்பினார்கள். விசாரணையே வேண்டாம், தள்ளுபடி செய்யுங்கள் என்று கேட்டார்கள். 2023 டிசம்பரில் அதுவும் நடக்கவில்லை. ஒரு நிமிடம் இந்த வாதத்தை நினைத்துப் பாருங்கள். 'ஒப்புக்கொள்கிறேன்' பட்டனை அழுத்தும்போது நாம் ஒப்பந்தத்தின் ஒரு தரப்பு. நம்மைப் பற்றிய விவரங்களை விற்கும்போது நாம் சரக்கு. நமக்கு ஒன்று சேர வேண்டியிருக்கும்போது மட்டும் நாம் யாரோ மூன்றாம் மனிதர், வாசலில் நிற்க வேண்டியவர். இந்த வழக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே வால்மார்ட் 230 கோடி டாலர் கொடுத்து வீஸியோவை வாங்கிக்கொண்டது. மறுபடியும் வழக்கறிஞர்கள், ஆடிட்டர்கள், காகிதங்கள்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, ஜெர்மன் கதை என்று நம் ஊர் விற்பனையாளர்கள் நிம்மதியாக இருக்கலாம். இங்கே கேட்பாரே இல்லை. ஆனால் பதிப்புரிமை என்றால் நமக்கு அலட்சியம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் திருட்டு விசிடி விற்பவரைக் குண்டர் சட்டத்தில் பிடிக்க 2004-ல் சட்டமே திருத்தினோம். சாராயம் காய்ச்சியவரோடும் ரவுடியோடும் சேர்த்து, நடைபாதையில் சாக்கு விரித்துப் படம் விற்றவரையும் ஓராண்டுவரை விசாரணையில்லாமல் உள்ளே வைக்கலாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு மென்பொருளைத் தெரிந்தே கணினியில் பயன்படுத்துகிறவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டுவரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதமும் சொல்கிறது. சட்டத்தில் பல் இருக்கிறது. யாரைக் கடிக்க வேண்டும் என்பதில்தான் அதற்கு ஒரு தேர்ச்சி உண்டு.

ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் நான்காம் பிரிவைக் கொஞ்சம் படியுங்கள். நிபந்தனையை மீறி வினியோகித்தால் அந்த நிமிடமே உரிமம் தானாக ரத்து. நோட்டீஸ் வேண்டாம், தீர்ப்பு வேண்டாம். அதற்குப் பிறகு அந்த நிறுவனம் விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் இருப்பது, எழுதியவர் அனுமதி இல்லாமல் எடுத்த பிரதி. சாக்கு விரித்தவர் நாற்பது ரூபாய்க்கு விற்றாரே, அதே வகைச் சரக்கு. இதற்கு ஏசி ஷோரூம், நடிகர் விளம்பரம், ஆடித் தள்ளுபடி, மாதத் தவணை. அதே பிரிவு வாங்கியவரையும் மறக்கவில்லை. விற்றவரின் உரிமம் போனாலும், நிபந்தனைக்கு உட்பட்டு நடக்கும்வரை வாங்கியவரின் உரிமம் போகாது. ஆக, நம் வீட்டுச் சுவரில் தொங்கும் அந்தப் பெட்டிக்குள் ஓடும் லினக்ஸை நியாயப்படி வைத்திருப்பவர் நாம். திருட்டுச் சரக்கு விற்றவர் முதலாளி. புகார் கொடுக்க விரும்புவோர் அவருடைய கஸ்டமர் கேரையே அழைக்கலாம். தமிழுக்கு எண் இரண்டை அழுத்தவும்.